பன்னிரண்டு மாதக் காசு கையில், ஒரு மாத உரிமை தாளில்

கேள்வி:

எனக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. கணவர், இரண்டு பிள்ளைகள், நான். மூத்தவனுக்கு நாலு வயது. திருநெல்வேலியில் ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸ் பார்த்தோம். இரண்டு அறை, குசினி, ஒரு பாத்றூம், மாதம் 28,000 ரூபா. அந்தப் பக்கம் முழுக்க மாணவர் விடுதியும் கெஸ்ட் ஹவுசுமாக மாறிவிட்டதால் இதைவிடக் குறைவாக ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்காரர் குடும்பம் கனடாவில். அவர்களுடைய மைத்துனர் ஒருவர்தான் வீட்டைக் காட்டினார். ஒரு வருட வாடகையை மொத்தமாகத் தரவேண்டுமாம், முத்திரை ஒட்டிய தாளில் எழுதித் தருவாராம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஆக்கள் வந்தால் ஒரு மாதம் வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். கரண்ட் கீழ்வீட்டு மீற்றரில்தான். எடுக்கலாமா?

– வாசகி, கிளிநொச்சி

பதில்:

வீட்டை எடுக்கலாம். இந்தப் பேச்சில் எடுக்கக்கூடாது.

28,000 ரூபாவைப் பன்னிரண்டால் பெருக்கினால் 336,000 ரூபா. அவ்வளவையும் கொடுத்துவிட்டு நீங்கள் பெறப்போவது, சட்டத்தின் கண்ணில், ஒரு மாத வாடகை உரிமை மட்டுமே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு (காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதி ஒப்பமிடப்பட வேண்டும் என்கிறது அதன் 2ஆம் பிரிவு. அப்படி இல்லாவிட்டால் அந்தக் குத்தகைக்கு வலு இல்லை. தாளில் எத்தனை முத்திரை ஒட்டினாலும், கிராம சேவகர் சாட்சி வைத்தாலும், ஊர்ப் பெரியவர் கையெழுத்துப் போட்டாலும் இது மாறாது. நீங்கள் குடியிருந்து, அவர் வாடகை வாங்கினால் அது மாதாந்த வாடகை. ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் தந்து அவர் அதை முடிக்கலாம். மிச்சக் காசைத் திருப்பிக் கேட்க அந்தத் தாள் பற்றுச்சீட்டாக உதவும். ஆனால் கனடாவில் இருப்பவரிடம் மூன்று லட்சத்தை வாங்கி எடுப்பதற்குள் இரண்டாவது பிள்ளையும் பள்ளிக்கூடம் போய்விடும்.

ஆகவே பேரம் பேச வேண்டியது 28,000ஐ 26,000 ஆக்குவதற்கு அல்ல. எத்தனை வருடம், எவ்வளவு முற்பணம், யார் கையெழுத்து என்ற மூன்றுக்கும்தான். விலை ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் இன்றைக்கு இரண்டாயிரம் குறைத்து வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் சாமான் கட்டினால் லொறிக் கூலியிலேயே அந்த லாபம் போய்விடும்.

இரண்டு வருடத்துக்கு நொத்தாரிசுக் குத்தகை கேளுங்கள். முதல் வருடம் 28,000, இரண்டாம் வருடம் 29,500 என்று தொகையையே எழுதிவிடுங்கள். 'அப்போதைய நிலவரப்படி' என்ற சொல் உள்ளே வந்தால் வெட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வருடச் சண்டை முழுவதும் அந்தச் சொல்லில்தான் ஒளிந்திருக்கும். முத்திரை வரி குத்தகைத் தொகையை வைத்துக் கணக்கிடப்படும். அதையும் நொத்தாரிசு கூலியையும் யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசுங்கள். பாதிப் பாதி என்றால் நியாயம். அவர் மறுத்தால் முழுவதையும் நீங்களே கொடுத்தாலும் நட்டமில்லை.

நொத்தாரிசு மூன்று பிரதி எழுதுவார். ஒன்று அவருடைய கோவைக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு, மூலப்பிரதி உங்களுக்கு. பிழை நடப்பது இதற்குப் பிறகுதான். மூலப்பிரதியைப் பதிவுக்குப் போடாமல் மைத்துனர் மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார், நீங்களும் ஒரு போட்டோப் பிரதியோடு திருப்திப்பட்டுவிடுவீர்கள். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தின் முத்திரையும் பதிவு இலக்கமும் விழுந்த மூலப்பிரதி உங்கள் கைக்கு வரும்வரை முற்பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். திருநெல்வேலியில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. பழைய வீட்டை வாங்கி இடித்து மாடி கட்டுகிறவர்கள் அங்கே கூடுகிறார்கள். எங்கள் நாட்டில் நிலவும் உரோம-டச்சுச் சட்டப்படி குத்தகை விற்பனைக்கு முந்தும். குத்தகை பதிவில் இருந்தால், வீட்டை வாங்குகிறவர் உங்களையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

இனி யார் கையெழுத்து. யாழ்ப்பாணத்தில் அதிகம் வழுக்கும் இடம் இது. 'வீட்டுக்காரர்' என்று நீங்கள் எழுதுகிறீர்கள், ஆனால் உறுதி, அதாவது காணிப் பத்திரம், யார் பெயரில்? இங்கே பல வீடுகள் சீதன வீடுகள், மனைவி பெயரில் இருப்பவை. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு சட்டமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் இருக்கும்வரை கணவன் மட்டும் ஒப்பமிட்ட குத்தகையும் ஓட்டை, சம்மதமில்லாமல் மனைவி மட்டும் ஒப்பமிட்டதும் ஓட்டை. இருவரும் வர வேண்டும்.

அவர்கள் கனடாவில் என்றபடியால் அற்றோணித் தத்துவம், அதாவது தங்கள் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம், வேண்டும். மைத்துனர் 'என்னட்டை அற்றோணி இருக்கு' என்றால் அதன் பிரதியை வாங்கி ஐந்து விடயம் பாருங்கள். வீட்டின் சொந்தக்காரர்தான் அதைக் கொடுத்தவரா, சீதன வீடென்றால் கணவரும் சேர்ந்திருக்கிறாரா, குத்தகைக்குக் கொடுக்கவும் வாடகை வாங்கவும் அதிகாரம் சொல்லில் எழுதப்பட்டிருக்கிறதா (காணி வழக்குப் பேசுவதற்கென்று எழுதிய அற்றோணியை எல்லாவற்றுக்கும் காட்டுகிறவர்கள் உண்டு), பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். கொடுத்தவர் இறந்த அன்றே அற்றோணியும் செத்துவிடும். பிறகு பிள்ளைகள் எல்லோரும் பங்குக்காரர், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் இணுவிலில் கோபத்தோடு.

நொத்தாரிசிடம் தோம்பு, அதாவது காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவுப் பக்கம், பார்க்கச் சொல்லுங்கள். உறுதியில் இருப்பவர்தான் இன்றைக்கும் உரிமையாளரா, வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பது அந்தப் பக்கத்தில் தெரியும். உங்கள் குத்தகைக்கு முன்பே பதிந்த ஈடு இருந்து கடன் கட்டாமல் வங்கி வீட்டை விற்றால், மேலே சொன்ன பாதுகாப்பு உங்களுக்கு நிற்காது. ஈடு இருந்தால் மொத்தக் காசு கொடுக்கும் பேச்சையே எடுக்காதீர்கள்.

முற்பணத்துக்கு வருவோம். அவர்களுக்குப் பெருந்தொகை தேவை, உங்களுக்குப் பாதுகாப்பு தேவை. இரண்டையும் பொருத்த ஒரு கணக்கு உண்டு. ஆறு மாத வாடகை, அதாவது 168,000 ரூபா கொடுங்கள். அது 24 மாதத்துக்கு மாதம் 7,000 ரூபாவாகக் கழியும் என்று குத்தகையில் எழுதுங்கள். முதல் வருடம் நீங்கள் கையால் கட்டுவது 21,000, இரண்டாம் வருடம் 22,500. ஒவ்வொரு மாதமும் அவர்களிடம் நிற்கும் உங்கள் காசு குறைந்துகொண்டே போகும். பத்தாம் மாதம் எழும்ப நேர்ந்தால் மிச்சம் 98,000 என்று இரு பக்கத்துக்கும் தெரியும். அந்த மிச்சத்தை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள், 14 நாள் போதும். சேதத்துக்கென்று தனியாக ஒரு மாத வாடகை கேட்டால் கொடுக்கலாம், அது வேறு வரியில் இருக்கட்டும். 'அட்வான்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் வாடகை முற்பணம், சேதப் பிணை, திருப்பித் தராத 'கீ மணி' மூன்றையும் போட்டுக் குழப்புவதுதான் வழக்கம். எந்தக் காசையும் வங்கி வழியாகவே கட்டுங்கள். மைத்துனர் தன் கணக்குக்குப் போடச் சொன்னால், அந்தக் கணக்கிலக்கம் குத்தகையில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டால் வீட்டுக்காரர் பின்வாங்க மாட்டாரா? அவருக்கு இருக்கும் பயத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள். 'இருக்க விட்டால் எழுப்பேலாது' என்பது யாழ்ப்பாணத்தில் இரண்டு தலைமுறைப் பயம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அண்மையில் கட்டி வாடகைக்கு விடும் அனெக்சில் நீங்களும் அதை நம்பி நித்திரை கொள்ளக்கூடாது, அவரும் அதற்குப் பயப்படத் தேவையில்லை. மேலும், எழுத்துக் குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மீட்க உரிமையாளருக்குச் சுருக்கமான வழக்கு நடைமுறை ஒன்றை 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் கொடுத்திருக்கிறது. முறையான குத்தகை அவருக்கும் காவல் என்று சொல்லுங்கள். மைத்துனருக்குச் சொல்லாமல், வட்ஸ்அப்பில் கனடாவுக்கே சொல்லுங்கள். முடிவெடுப்பவர் அங்கேதான் இருக்கிறார்.

திருவிழா விடயம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு வாங்கும் காசு உங்களுக்குத் தெரியாததல்ல, அதனால்தான் கேட்கிறார்கள். இரண்டு பிள்ளைகளோடு, நைற் டியூட்டியும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எங்கே போவீர்கள்? 'முடியாது' என்பதே சரியான பதில். அவர்கள் விடாப்பிடியாக நின்றால் ஒரு அறையை மட்டும் கொடுக்க ஒப்புக்கொள்ளலாம். இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'உரிமையாளரின் நெருங்கிய குடும்பத்தினர், வருடத்தில் ஒரு தடவை, 14 நாளுக்கு மேற்படாமல், 30 நாள் முன்னறிவித்தலோடு, கிழக்குப் பக்க அறையைப் பயன்படுத்தலாம். அந்த மாத வாடகையில் பாதி கழிக்கப்படும்.' நெருங்கிய குடும்பம் என்ற சொல் முக்கியம். அது இல்லாவிட்டால் காசுக்கு வந்து தங்குகிறவர்களும் 'எங்கட ஆக்கள்' ஆகிவிடுவார்கள்.

கரண்ட் பில்லை லேசாக விடாதீர்கள். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது: 60 அலகு தாண்டினால் ஒரு கணக்கு, பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் அலகின் விலை கூடும், நிலைக்கட்டணமும் கூடும். நீங்கள் மாதம் 75 அலகு, கீழ்வீடு 85 அலகு என்று வைப்போம். தனித்தனி மீற்றர் என்றால் இருவருமே 61–90 படியில் நிற்பீர்கள். ஒரே மீற்றரில் 160 அலகு, கடைசி 40 அலகு 121–180 படி விலையில். யாரும் கூட எரிக்கவில்லை, பில் மட்டும் கூடுகிறது. அந்தக் கூடுதலை மேல்வீட்டின் தலையில் கட்டுவதுதான் வழமை.

தனி இணைப்பு எடுத்துத் தருவதே தீர்வு, அதற்கு உரிமையாளர்தான் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை உப மீற்றர் ஒன்று பூட்டுவியுங்கள். பங்கு பிரிக்கும் விதம்: மொத்தப் பில் × உங்கள் அலகு ÷ மொத்த அலகு. மேலே உள்ள உதாரணத்தில் பில்லின் 47 வீதம் உங்களது. 'அலகுக்கு இவ்வளவு' என்று ஒரு விலையைச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கட்டணம் இறங்கும்போது அந்த விலை இறங்காது. உப மீற்றரைப் பூட்டிய பிறகு உங்கள் வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்திப் பாருங்கள். மீற்றர் இன்னும் ஓடினால், தண்ணீர் மோட்டரோ வெளி லைற்றோ உங்கள் வயரில் தொங்குகிறது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கிளிநொச்சிக் குளத்துத் தண்ணீர்ப் பழக்கம் போலும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைநீர்தான் கிணறு. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 15 மீற்றர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு பரப்புக் காணி 20 பேர்ச், சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 மீற்றர். அதற்குள் வீடு, உங்கள் கிணறு, உங்கள் குழி, மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி. முன்பு ஐந்து பேர் இருந்த அயல்வீடு இன்றைக்கு இருபது மாணவர் விடுதியாகியிருந்தால், குழி அதே குழிதான், நிரப்புகிறவர்கள்தான் நான்கு மடங்கு. சுண்ணக்கல்லில் வெடிப்பு வழியாக அழுக்கு மண்ணில் வடிபடாமல் நேரே போகும். ஆகவே உங்கள் வளவை மட்டும் பார்க்காமல் மதிலுக்கு மேலாலும் எட்டிப் பாருங்கள்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். திருநெல்வேலி, கோண்டாவில், இணுவில் பக்கம் தோட்டப் பசளையாலும் நைத்திரேற்று ஏறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இளையது போத்தல் பால் குடிக்கும் வயதென்றால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்கக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதித்துவிட்டு முடிவெடுங்கள். தாழையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறந்தபிறகு குழாய்த் தண்ணீர் பல ஒழுங்கைகளுக்கு வந்திருக்கிறது. 'லைன் வந்திட்டுது' என்றால் ஒழுங்கைக்கா வீட்டுக்கா என்று கேளுங்கள். மீற்றர் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மேல்மாடி என்பதால் பின்னேரம் மூன்று மணிக்கு ஒருதரம் போங்கள். மேலே தளம் மட்டும் என்றால் பகல் குடித்த வெக்கையை அது இரவு பத்து மணிவரை கக்கும். நைற் டியூட்டி முடித்துப் பகலில் படுப்பவருக்கு இது சின்ன விடயம் அல்ல. கட்டிலுக்கு மேலே உள்ள தளத்தில் கையை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் மேலே தகரக் கூரை போட்டுத்தரக் கேளுங்கள். வெள்ளம் மேல்மாடிக்கு வராது, படலைக்கு வரும். 2020 டிசம்பரில் புரெவி அடித்தபோது ஒழுங்கையில் எவ்வளவு வெள்ளம் நின்றது என்று மைத்துனரிடம் கேட்காமல், ஒழுங்கை முகப்பில் இருக்கும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

பேச்சு சரிவராவிட்டால் கொக்குவில், கோண்டாவில் பக்கம் காங்கேசன்துறை வீதிக்கு மேற்கே பாருங்கள். இல்லையென்றால் கண்டி வீதிப் பக்கம் அரியாலை. பல்கலைக்கழக வாசலிலிருந்து நடை தூரம் தாண்டினால் மாணவர் போட்டி குறையும். ஆனால் இரவு வேலை முடிந்து வர பஸ் இருக்காது, மோட்டார் சைக்கிள் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தவனுக்காக ஒன்று: முதலாம் வகுப்பு அனுமதிக்கு வதிவிடம் நிறுவ வேண்டும். பதிவுசெய்த குத்தகை, தேர்தல் இடாப்பு, உங்கள் பெயரில் வரும் பில் ஆகியவைதான் அங்கே கதைக்கும். முத்திரைத் தாள் கதைக்காது. 'இந்த முகவரியில் குடியிருப்போர் தேர்தல் இடாப்பில் பதிய உரிமையாளருக்கு ஆட்சேபனை இல்லை' என்று ஒரு வரியைக் குத்தகையில் சேருங்கள். இடாப்பில் பெயர் விழுந்தால் வீடு போய்விடும் என்று நினைக்கிற உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லாம் எழுதியும் ஒரு நாள் வேலைக்குப் போய் வரும்போது பூட்டு மாறியிருந்தால், அல்லது மோட்டரை நிறுத்தி உங்களை எழுப்பப் பார்த்தால், சண்டைக்குப் போகாதீர்கள், பூட்டையும் உடைக்காதீர்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற யாருக்கும் உரிமை இல்லை. அன்றே பொலிசில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிசாரோ நீங்களோ நீதிமன்றம் போகலாம். பலவந்தமாக வெளியேற்றிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் போனால் திரும்பக் குடியிருத்தும் கட்டளை கிடைக்கும். 'கதைச்சுத் தீர்ப்பம்' என்று மைத்துனர் இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தைத் தின்னத்தான். முற்பணக் காசுத் தகராறு வேறு பாதை, அது முதலில் இணக்கசபைக்குப் போகும்.

திறப்பு வாங்கும் நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள். இரண்டு மீற்றரின் எண்ணையும் மைத்துனர் பக்கத்தில் நிற்கப் படம் எடுங்கள். ஒவ்வொரு பைப்பையும் திறந்து, சிங்குக்குக் கீழே கை விட்டுப் பாருங்கள். கதவு நிலையின் அடியைத் திறப்பால் தட்டுங்கள், பொத்தென்று கேட்டால் கறையான். மலக்குழி கடைசியாக எப்போது இறைத்தது, அடுத்த பவுசர் காசு யாருடையது என்று கேட்டு, சாமான் பட்டியலின் அடியிலேயே எழுதி, இருவரும் ஒப்பம் வையுங்கள். பிறகு திறப்பை வாங்குங்கள்.